மிக்சி நின்ற ஞாயிறு

அப்பா இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். வீட்டில் எது பழுதானாலும் பழைய வேட்டியைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிடுவார். அவர் கழற்றுகிற ஸ்குரூக்களைத் தட்டில் வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை. தம்பிக்குக்கூட நான் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த விடுமுறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். சித்தப்பா வெளியூர் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அதிகம் பேசமாட்டாள், அதனாலேயே எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. அப்பா சேவு வாங்கி வந்தால் பொட்டலம் முதலில் அவள் கைக்குப் போனது. விருந்தாளிதானே என்று பொறுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருக்கும்போதே மிக்சி நின்றுவிட்டது. மோட்டார் புகைந்திருக்கும் என்று சொல்லி அப்பா வேட்டியை விரித்தார். நான் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். மிக்சியைக் கவிழ்த்து அவர் ஸ்குரூக்களைக் கழற்றத் தொடங்கியபோது, வாசற்படியில் நின்றிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"பெரியப்பா, அந்தச் செவப்பு பட்டன அமுக்கிப் பாத்தியளா?"

அப்பா அமுக்கினார். நிமிர்த்தி வைத்துப் போட்டதும் மிக்சி ஓடியது.

"ஏட்டி, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று சிரித்தார். "மில்லுல அம்புட்டு மிஷினையும் பாக்கேன், இதப் பாக்காம விட்டுட்டேனே."

"மொதல்ல கரண்டு இருக்கான்னு பாக்கணும், பொறவு பிளக்கு, பொறவு பட்டன். ஸ்குரூவுக்குக் கடைசியாத்தான் போகணும்னு எங்கப்பா சொல்லுவாக" என்றாள் அவள், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

அன்று வந்தவர்களிடமெல்லாம் அப்பா அதைச் சொன்னார். ஸ்குரூக்களைத் திரும்ப முடுக்கும்போது திருப்புளியை அவள் கையில் கொடுத்தார். எத்தனையோ தடவை கேட்டும் எனக்குத் தராத திருப்புளி அது. கறிக்குழம்பு எனக்கு இறங்கவில்லை.

அவள் ஊருக்குப் போகிற நாளில் பேருந்து நிலையத்தில் வைத்து அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். "எங்க வீட்டு ஃபேனு ஓடல பெரியப்பா. எல்லாம் பாத்துட்டேன். நீங்க வாரியளா?"

அப்பாவையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபேன் பழுது என்பதே பொய்யாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பினார். நான் முகம் கொடுக்கவில்லை. அடுக்களையில் அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்டன்சர்தான் போயிருக்கு, மாத்திட்டேன். பிள்ள கட்டில் மேல ஸ்டூலப் போட்டு, தானே ஏறிப் பாத்துருக்கா. அவன் இனிமே வரமாட்டான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உன் தங்கச்சிக்குத்தான் இன்னும் தெரியல."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்த 'அவன்' யாரென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்தவர் வீட்டு ஃபேனுக்காக என் அப்பா எதற்கு அழ வேண்டும் என்று மட்டும் ஆத்திரமாக வந்தது.