பாதாளக்கரண்டிக்கு வைத்த செம்பு

நான் ஏன் சினிமாவுக்கு வருவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல வராது.

என் அக்காவை, உங்கள் அத்தையை, இளையரசனேந்தலுக்கும் அப்பால் கரிசல்காட்டில் தனியாகக் கிடக்கும் ஒரு முப்பது வீட்டு ஊரில் கொடுத்திருந்தோம். ஒரு மாசியில் அவளைக் காணோம். எவனோடோ போய்விட்டாள் என்றார் அத்தான். ஊரும் அதையே சொன்னது. உங்கள் அம்மாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்த சமயம். கிளறினால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்த மறுவருஷம் சங்கரன்கோவில் டூரிங் டாக்கீஸில் முதல் ஆட்டத்துக்குப் போனேன். படத்தில் மலையடிவாரத்தில் ஒதுங்கிய ஒரு ஊர். படம் பூராவும் மழையும் மப்பும்தான். ஒரு வீட்டு மருமகளைக் காணோம். ஊரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கடைசி ரீலில் கிணற்றுக்குள் பாதாளக்கரண்டியை விட்டார்கள். வாளி விழுந்தால் கயிற்றில் கட்டித் துழாவுவோமே, அந்தக் கொக்கிதான். சேலைத் தலைப்பு மாட்டிக்கொண்டு வந்தது.

எனக்குப் பின்னால் மணலில் இருந்தவர் சத்தம் போட்டார்: "ஏலே, மொதல்லயே கெணத்தப் பாத்துருக்கலாம்லா! கூடப்பொறந்தவன் ஒருத்தன்கூடவா இல்ல அவளுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள்.

விடிந்ததும் அடுத்த தெரு அண்ணாச்சியிடம் பாதாளக்கரண்டி கேட்டேன். ஒரு பாத்திரத்தை ஈடு வைத்தால்தான் அதைத் தருவார்கள். செம்பைக் கொடுத்தேன்.

"என்னவே விழுந்துச்சு?"

"வாளி, அண்ணாச்சி."

"வாளிதானா? மூஞ்சியப் பாத்தா வீட்டுக்காரியே விழுந்த மாதிரில்லா இருக்கு!"

சாக்கில் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கொல்லைக் கிணற்றைத் தூர்த்திருந்தார்கள். விளிம்புவரை கல்லும் முள்ளும். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆடு விழுதுன்னு தூத்துட்டோம், மாப்ளே. சாக்குல என்ன?" என்றார் அத்தான்.

"ஒண்ணுமில்ல அத்தான்."

"வெயில்ல வந்துருக்கீரு. மோர் குடிச்சிட்டுப் போரும்."

குடித்தேன்.

சாயங்காலம் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். "கெடச்சுதா வே?" என்று கேட்டார் அண்ணாச்சி. கிடைக்கவில்லை என்றேன். செம்பைத் தந்துவிட்டார்.

போலீசுக்குப் பிராது எழுத இரண்டு தரம் உட்கார்ந்தேன். இரண்டு தரமும் அவள் பேரை எழுதினேன். அதற்குமேல், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்பார்களே என்று மடித்து வைத்துவிட்டேன்.