அக்கா சிரித்த ஒரு சாண் பிலிம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேர் ஒரு பேய்ப் படத்துக்கு டிரெய்லர் எடுத்தோம். படம் கிடையாது, டிரெய்லர் மட்டும்தான். விடுதி விழாவில் இரண்டு நிமிஷம் எல்லாரையும் அலறவைத்து, கடைசியில் "விரைவில் வருகிறது" என்று அட்டை காட்ட வேண்டும். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

கேமரா, கூட்டாளி ஒருவனின் மாமா கொடுத்தது. பிலிம் ஒரே சுருள். இன்னொன்று அந்த நாளில் எங்கே கிடைக்கும்? பேயாக நடிக்கவும் ஆள் இல்லை. எங்களில் எவன் சேலை கட்டினாலும் பேய்க்கே மானம் போயிருக்கும். இன்னொருவனுக்கு ஊர் உடையார்பாளையம். அவனுடைய அக்கா, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர், பொங்கலுக்குத் தாய்வீடு வந்திருந்தார்.

"நான் வரேன்டா. எனக்கென்ன பயம்?" என்றார்.

வெளிச்சம் வேண்டுமென்று உச்சிவேளையில் முந்திரிக்காட்டில் எடுத்தோம். வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாக மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தவர், தன் தம்பி மிரண்டு விழுந்த அழகைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். "பிலிம் ஓடுதுக்கா!" என்று கத்தினேன். எனக்கு அப்படி ஒரு கோபம்.

சுருள் பம்பாய் போய்க் கழுவி வந்தது. அந்த வகை பிலிமுக்குத் தனி நெகட்டிவ் கிடையாது, வந்த சுருளேதான் படம். விடுதி அறையில் பிளேடால் நறுக்கி, ஓரத்தைச் சுரண்டிப் பசை தடவி ஒட்டினேன். அக்கா சிரித்த இடம் ஒரு சாண் நீளம் இருந்தது. பேய் இப்படியா சிரிக்கும்? வெட்டி எறிந்தேன். விழாவில் பையன்கள் நன்றாகவே அலறினார்கள்.

அந்தக் கோடையில், ஏழு மாத வயிற்றுப்பிள்ளையோடு அக்கா செத்துப்போனார். முந்திரிக்காட்டில் நின்றபோதே உண்டாகியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. துக்கம் கேட்கப் போனேன். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி, சாலையோரத்தில் அவருக்காகச் சுமைதாங்கிக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேய் வேசம் கட்டுனா அது சும்மா வுடுமா?" என்று அங்கே ஒருவர் என் காதுபடவே சொன்னார். அவரை அடிக்கலாம் போலிருந்தது. அது நிஜமாக இருந்துவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நண்பனின் அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"போட்டோகூட எடுத்துக்கல தம்பி எம்பொண்ணு. ஒங்க படத்துல சிரிச்சான்னு இவன் சொல்றான். அத ஒரு தடவ காட்டுறியா?"

"கொண்டாரேம்மா" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கென்ன, சொல்லிவிடும்.

அரியலூரில் ரயிலேறித் திருச்சிக்கு ஓடினேன். விடுதி அறையைக் காலிசெய்து வெள்ளையடித்திருந்தார்கள். குப்பையெல்லாம் பின்பக்கத்துக் குழியில் என்றார் காவல்காரர். மூன்று நாள் அந்தக் குழியைக் கையாலேயே கிளறினேன். நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. கும்பிடாத சாமி இல்லை. வெறும் வானம், யாருடைய காலோ, கலங்கிப்போன மரம் என்று ஏதேதோ துண்டுகள் கிடைத்தன. மூன்றாம் நாள் ஒரு சாண் நீளத்தில் ஒன்று கிடைத்தது. கோடைமழையில் ஊறி, படம் முழுக்கக் கரைந்து, வெறும் கண்ணாடிபோல் இருந்தது. அதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

டிரெய்லரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஓட்டிக் காட்ட அந்த வீட்டில் கரண்டு ஏது? வாசல் வெயிலில் அம்மா பிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் பூதக்கண்ணாடியைக் காட்டினேன். நகத்தளவுப் படங்கள். அவருக்குக் கண்பார்வை வேறு குறைவு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பல்லு தெரியுதே. இங்கதான் சிரிக்கிறாளா தம்பி?"

பயமுறுத்துவதற்காக, பல்லை நறநறவென்று கடித்து முறைக்கச் சொல்லி நான் எடுத்த இடம் அது. நண்பன் என்னைப் பார்த்தான்.

"ஆமாம்மா" என்றேன்.

"இத மட்டும் எனக்கு நறுக்கிக் குடுத்துடுறியா?"

கத்தரிக்கோல் வாங்கி நறுக்கிக் கொடுத்தேன். அம்மா அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "எப்பிடி சிரிக்கிறா பாரு" என்றார்.