என்னைப் பார்க்க வந்த விசிட்டர்

தினமும் காலையில் பம்பாய் செம்பூரில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு நான் என்னைப் பார்ப்பதற்காக வருகிறேன். கேட்டில் இருக்கும் ரிஜிஸ்தர் அப்படித்தான் சொல்கிறது. வந்தவர் காதர், பார்க்க வேண்டியவர், அதுவும் காதர், அக்கவுன்ட்ஸ். உறுதி செய்துகொள்ள வாட்ச்மேன் என் மேசைக்கு போன் போடுவான். நான்தான் அவன் எதிரில் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருக்கிறேனே, யார் எடுப்பது? மணி அடித்து ஓய்ந்ததும் பெரிய மனசு பண்ணி உள்ளே விடுவான். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். என்னைப்போல் பிழைக்க வந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எல்லாம் வண்டியின் தமிழ்நாட்டு நம்பர் செய்த வேலை. பார்க்கிங் பர்மிட் மகாராஷ்டிர நம்பருக்கு மட்டும்தான் என்று அட்மின் குல்கர்னி சட்டம் போட்டிருக்கிறார். வெளிமாநில வண்டி என்றால் விசிட்டர். விசிட்டர் வண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. ஆகவே இரண்டு மணிக்கொரு தரம் வேலையைப் போட்டுவிட்டு இறங்கி, வண்டியை வெளியே எடுத்து, அங்கேயே ஒரு வட்டமடித்து, மறுபடி என்னைப் பார்க்க வர வேண்டும். ரோட்டில் விட்டுப் போகலாமென்றால் டோயிங்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். டைரக்டர் காருக்குப் புதுச்சேரி நம்பர். வரி குறைவு என்று அங்கே பதிந்தது. அந்த ஊரை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதற்கு நிரந்தர பர்மிட், நிழலில் இடம். கேட்டதற்கு, அது காராயிற்றே என்றார் குல்கர்னி, கொஞ்சமும் வெட்கமில்லாமல். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவருக்கு வாய்த்தது குடைகூட இல்லை, ஒரு ரப்பர் ஸ்டாம்பு.

கடையநல்லூரில் முதல் வேலை கிடைத்தபோது வாங்கிய வண்டி இது. பம்பாய்க்குக் கிளம்பியபோது ரயிலில் போட்டுக் கூடவே கொண்டுவந்தேன். இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் உம்மாவிடம் சொல்லியிருந்தேன். அப்புறம் தாராவியில் வீடு, தாராவியிலேயே பிறந்து வளர்ந்த ரஹ்மத்தோடு நிக்காஹ், தங்களுக்குள் இந்தியில் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பிள்ளைகள். சட்டப்படி நம்பரை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்க நேரமில்லை என்று சாக்குச் சொல்லி வருகிறேன். உண்மை அதுவல்ல. மாற்றினால் நான் திரும்பப் போவதில்லை என்று எனக்கு நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கு அது பயம். அதனால்தான் ஒவ்வொரு பெருநாளுக்கும், அடுத்த வருஷம் ஊரோடு போய்விடுவேன் என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவைக்கிறேன். நேற்றுச் சேர்ந்தவர்களுக்கும் அது தெரியும்.

ரஹ்மத்துக்கு இந்தப் பேச்சு கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

"ரெண்டு மணிக்கு ஒருக்கா கேட்டுக்கு வெளிய போயிட்டு வாறீயள்லா, நீங்க ஊருக்குப் போற லட்சணம் அவ்வளவுதான். பேசாம நம்பர மாத்துங்க" என்றாள்.

இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வாரம் மதியம், அன்றைய என் மூன்றாவது வருகை. வாட்ச்மேன் செல்வமும் தாராவிக்காரன்தான்; வாயில் நெல்லைத் தமிழ், எழுத்தில் இந்தி. வழக்கம்போல போன் போட்டான். அன்றைக்கு யாரோ எடுத்துவிட்டார்கள். என் பக்கத்து சீட்டுக்குப் புதிதாக வந்த பெண். அச்சா, அச்சா என்று கேட்டுக்கொண்டு வைத்தான். கேட்டைத் திறக்கவில்லை.

"பாய், உள்ள விட முடியாது. நீங்க பாக்க வந்த ஆளு இல்லையாம்" என்றான்.

ஆள் இல்லை என்று மேலேயிருந்து பதில் வந்தால் விசிட்டரை விடக் கூடாது. அதுவும் குல்கர்னியின் சட்டம்தான். எங்கே போயிருக்கிறானாம் என்று கேட்டேன்.

செல்வம் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊரோட போயிட்டாராம்."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. காலி நாற்காலியைப் பார்த்திருப்பாள். நான் சொல்லிவைத்ததையே சொல்லியிருக்கிறாள். முன்சக்கரம் கேட்டின் கோட்டுக்கு உள்ளே, பின்சக்கரம் ரோட்டில் என்று நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. குல்கர்னிமேல் வர வேண்டிய கோபம் வரவில்லை. ஊரோடு போய்விட்ட அந்தக் காதர்மேல் பொறாமையாக இருந்தது.