மலைக்குப் போன பித்தளைப் பில்லை

எங்கள் வீட்டு வாசக்காலில் உள்பக்கமாக ஒரு ஆணி இருக்கிறது. என் வீட்டுக்காரர் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தபோது வைத்திருந்த பித்தளைப் பில்லை அதில் தொங்கும். வட்டமாக, உள்ளங்கையில் பாதி இருக்கும். நடுவில் அவர் நம்பர், மேலே ஒரு ஓட்டை. போன பங்குனி கடைசியில் ஒருநாள் காலையில் வீடு பெருக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், ஆணி மட்டும் இருந்தது.

முந்தின நாள்தான் என் மகள் இமயமலை ஏறப் புறப்பட்டுப் போயிருந்தாள்.

மகள் என்றால் சின்னப் பெண் இல்லை. நாற்பது தாண்டியவள். பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விடியறதுக்கு முன்னே எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்தால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். நானும் ரெண்டு வருஷம் அழுது பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஒரு தடவை பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இமயமலைப் பக்கம் போனாள். அதோடு பிடித்துக்கொண்டது. லீவு விட்டால் மலை. பயிற்சிக்குப் போனாள், பனியில் நடக்கக் கற்றுக்கொண்டாள், சின்ன மலை, கொஞ்சம் பெரிய மலை என்று ஏறினாள். அவள் சின்ன மலை என்று காட்டின போட்டோவைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

கடைசியில், எட்டாயிரம் மீட்டருக்கும் மேலே ஒரு மலை, வழிகாட்டி வைத்துக் கூட்டமாகக் கூட்டிப்போகிறார்கள், நானும் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றாள். பி.எஃப். பணமெல்லாம் அதற்குப் போய்விட்டது.

"எட்டாயிரம் மீட்டருன்னா எவ்ளோடி?" என்று கேட்டேன்.

"அப்பா கீழ எறங்குவாரு இல்ல, அதுபோல ரெண்டரை பங்கு மேல."

அதுக்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பேச வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன நாளிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் இருந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அவள் தயாரான விதத்தை நான் பார்த்தேன். எங்கள் ஊரில் தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டின மண் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. சைனைட் மேடு என்போம். கால் வைத்தால் சரியும், ஒரு புல் முளைக்காது. ஞாயிற்றுக்கிழமையானால் முதுகுப்பையில் இருபது கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு அதில் ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். பத்து தடவை. வெயில் ஏறினாலும் விடமாட்டாள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பென்ஷன்காரர்களுக்கு அது சினிமா மாதிரி.

"இன்னா டீச்சரே, ரேஷன் மூட்டைய தூக்கினு மேல எங்க போறீங்க? வூடு கீழ இருக்குது."

"வாங்கண்ணா, நீங்களும் மூட்டை மேல உக்காருங்க. சேத்து தூக்கினு போறேன்" என்பாள்.

அவங்க அப்பாவுக்குக் கடைசி ஒரு வருஷம் வீட்டிலேயே சிலிண்டர் வைத்திருந்தோம். சுரங்கத்துத் தூசி நெஞ்சில் அடைத்துப்போய், வாசலுக்கு வந்து திரும்பினாலே மூச்சு வாங்குவார். அந்தச் சிலிண்டரைத் திருகி, காற்றை அளந்து வைத்ததெல்லாம் இவள்தான். அதே போல் சிலிண்டர், அதைவிடச் சின்னது, மலை மேலே முகத்தில் மாட்டிக்கொண்டு போகணும் என்று சொன்னாள். ஊருக்குள்ளேயே காற்று போதாமல் ஒரு மனுஷன் போய்ச் சேர்ந்த வீட்டிலிருந்து, காற்றே இல்லாத இடத்துக்கு ஒருத்தி தானாகக் கிளம்புகிறாள். எனக்குப் பயம்தான். ஆனாலும் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவள் தூங்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இப்போது பில்லைக்கு வருகிறேன்.

சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பில்லை. ஆட்கள் கூண்டில் ஏறிக் கீழே இறங்குகிற ஷாப்ட் பக்கத்து ஆபீசில் பெரிய பலகை, அது முழுக்க ஆணி. இறங்கும்போது பில்லையை எடுத்துக்கொண்டு போகணும், மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டணும். அவரவர் பில்லையை அவரவரேதான் மாட்டணும். கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினால் பெரிய குற்றம். ஆள் கீழே கிடக்க, மேலே வந்துவிட்டதாக ஆகிவிடும் இல்லையா?

உள்ளே பாறை வெடித்தால் வரிசையாகக் கட்டின எங்கள் லைன் வீட்டில் பாத்திரம் ஆடும். ஆடினதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவோம். நானும் எதிர்வீட்டம்மாவும். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள். என்னைவிட ரெண்டு வயசு சின்னவள், யக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டுக்காரரும் இவரும் ஒரே ஷிப்டு. மற்றப் பொம்பளைகள் எல்லாம் ஆபீஸ்காரரிடம் கத்திக் கத்திக் கேட்பார்கள். நான் கேட்கமாட்டேன். சன்னல் வழியாக ஆணியைப் பார்ப்பேன். இடது பக்கம், மூணாவது வரிசை. ஆணி காலியென்றால் அவர் கீழே. பில்லை தொங்கினால் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பேன்.

சுரங்கத்தை மூடின அன்று தொப்பி, விளக்கு எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர், பில்லையை மட்டும் கொண்டுவந்து வாசக்காலில் ஆணி அடித்து மாட்டினார். "இனிமே எறங்க மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. அவர் போன பிறகும்கூட. என் மகள் அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தவள். அந்தப் பலகையை அவள் பார்த்ததே இல்லை. ஆணி காலியாக இருந்தால் என்ன அர்த்தம் என்று நானும் அவளுக்குச் சொன்னதில்லை. வீட்டில் அதைப் பேசினால் ஆகாது என்று நாங்கள் பேசமாட்டோம்.

காலி ஆணியை எதிர்வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகமும் மாறிப்போச்சு.

"போன்ல சொல்லிடு யக்கா, பத்திரமா கொண்டாந்துடுன்னு."

"மலை ஏறப் போறவகிட்ட போயி அபசகுனமா எப்படி சொல்றது?"

"நீ சொல்லமாட்டே. எனக்குத் தெரியும். புருஷனையே ஜாடையிலதான் சோறு துன்ன கூப்ட்டவ நீ."

அவள் சொன்னது சரிதான். மகள் அடிவாரத்துக் கூடாரத்திலிருந்து மூணு தடவை கூப்பிட்டாள். மூணு தடவையும் "சாப்டியா, குளுருதா" என்பதோடு என் பேச்சு முடிந்தது.

அவள்தான் பேசினாள். ஐஸ் மேலே கூடாரம் போட்டிருக்கிறார்களாம், ராத்திரியில் அடியில் ஐஸ் படபடவென்று விரிசல் விடுமாம். முதல் முகாம் வரை ஏறித் திரும்பி இறங்குகிறார்கள். அப்புறம் ரெண்டாவது முகாம் வரை ஏறி, மறுபடி இறக்கம். ஏன் இப்படி வீணாக ஏறி இறங்குகிறார்கள் என்று எதிர்வீட்டம்மா கேட்டாள். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகணுமாம். எனக்கு உடனே புரிந்தது. சுரங்கத்தில் புதுசாக வந்த ஆளை எடுத்தவுடனே அடி லெவலுக்கு அனுப்பமாட்டார்கள், சூட்டில் சுருண்டுவிடுவான் என்று என் வீட்டுக்காரரும் சொல்வார். அவர்கள் வேலை தெரிந்தவர்கள்தான் என்று அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் வீடியோவில் அவர்கள் வழிகாட்டியைக் காட்டினாள். ஷெர்பா, அந்த மலைப் பக்கத்து ஜனம். அம்பது வயசு இருக்கும். அந்த மலையில் பல தடவை ஏறி இறங்கினவராம். வெயிலும் பனியும் அடித்துக் கறுத்த முகம், கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. கூண்டில் மேலே வந்து கண்ணாடியைக் கழற்றின ஆட்கள் முகம் இப்படித்தான் இருக்கும். கை கூப்பினார். நான் எதிர்வீட்டம்மா முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் அங்கே நின்று நானும் கை கூப்பினபடியேதான் இருந்தேன். அவர் பார்த்தாரா தெரியாது.

வைகாசியில் நாலாவது போன் வந்தது. "நாளைக்குக் கிளம்பறோம்மா. இதான் கடைசி ஏத்தம். இனிமே இறங்கி வந்துதான் பேசுவேன்."

எதிர்வீட்டம்மா என் இடுப்பில் குத்தினாள்.

"அப்பா பில்லை உங்கிட்டதான் இருக்குதா?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள். "பாத்துட்டியா? சொன்னா அழுவேன்னு சொல்லலமா. மேல உச்சியில வெச்சிட்டு வரலாம்னு எடுத்தாந்தேன். ஆயுசு பூரா கீழயே இருந்தாரு. ஒருதபா எல்லாத்துக்கும் மேல இருக்கட்டுமே."

அந்தப் பிள்ளையின் மனசைப் பாருங்கள். ஆனாலும் சொன்னேன்.

"வெக்காத."

அதற்குப் பிறகு என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ. பலகையைச் சொன்னேன், ஆணியைச் சொன்னேன், மூணாவது வரிசையைச் சொன்னேன். பில்லையை எங்கேயும் விட்டுவிட்டு வரக்கூடாது, பில்லை வந்தால்தான் ஆள் வந்ததாக அர்த்தம், நீ அங்கே வைத்துவிட்டு வந்தால் உன்னையும் அங்கேயே வைத்துவிட்டு வந்ததுபோல் எனக்கு இருக்கும், கொண்டாந்து மாட்டு என்று சொன்னேன். என் ஆயுசில் அவ்வளவு சேர்ந்தாற்போல் நான் பேசினதே இல்லை. பேசி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

எதிர்வீட்டம்மா போனை வாங்கி, பேசின நேரத்தைப் பார்த்தாள். "யக்கா, லைன் எப்பவோ கட்டாயிடுச்சி. நீ பேச்ச ஆரம்பிக்கறதுக்குள்ளயே."

திருப்பிக் கூப்பிட்டோம். போகவில்லை.

அவள் எதைக் கேட்டாள், எதைக் கேட்கவில்லை என்று தெரியாமலே நாலு நாள் போனது. ஆணியைப் பார்க்காமல் வாசலைத் தாண்ட முடியாது. கண்ணை மூடிக்கொண்டும் தாண்டிப் பார்த்தேன். வாசக்காலில் தலை இடித்ததுதான் மிச்சம்.

அஞ்சாம் நாள் காலை பத்து மணிக்கு எதிர்வீட்டம்மா போனைத் தூக்கிக்கொண்டு தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "உச்சிக்குப் போயிட்டா யக்கா! கூட்டினு போனவங்க செய்தி போட்டுகிறாங்க! எல்லாரும் போயிட்டாங்களாம்!"

லைன் முழுக்கக் கூடிவிட்டது. டீக்கடைப் பென்ஷன்காரர் ஒருத்தர் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சைனைட் மேட்டில் அவளைக் கிண்டல் பண்ணினவரேதான். கண் கலங்கியிருந்தது. "நம்ம கோலார் பொண்ணும்மா" என்று என் கையில் லட்டை வைத்தார்.

நான் அதைத் தின்னவில்லை. தட்டில் வைத்தேன்.

"இன்னாம்மா, உச்சிக்கே போயிட்டா, இன்னும் இன்னா?"

எதிர்வீட்டம்மாதான் சொன்னாள். "அண்ணே, கூண்டு எறங்கிச்சின்னு நம்ம ஊர்ல யாராச்சும் லட்டு குடுத்திருக்காங்களா? மேல வந்தாதானே குடுப்போம். அங்க தலைகீழு. கீழ வரட்டும்." அந்த அண்ணன் நாப்பது வருஷம் இறங்கினவர். கையில் இருந்த மிச்ச லட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் வேறு செய்தி இல்லை. மறுநாளும் இல்லை. மேலே காற்று பலமாக இருக்கிறது, மெதுவாக இறங்குகிறார்கள் என்று மட்டும் போட்டிருந்தார்களாம். நானும் எதிர்வீட்டம்மாவும் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அந்தக் காலத்தில் ஆபீஸ் சன்னலுக்கு வெளியே உட்கார்ந்த மாதிரியே. அவள் ஜெபமாலை உருட்டினாள். நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

மூணாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. குரல் அவள் குரல் மாதிரியே இல்லை, உப்புக் காகிதத்தில் தேய்த்தது போல இருந்தது. "இறங்கிட்டேம்மா. டீ குடிச்சினு இருக்கறேன்."

பில்லையைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆள் பேசுகிறாளே, அது போதும் என்று மனசுக்குச் சொன்னேன். மனசு கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கி வந்தாள். அரை உடம்பாகப் போயிருந்தாள். மூக்கிலும் கன்னத்திலும் தோல் உரிந்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம். அந்த ஷெர்பா முகம், அவங்க அப்பா முகம். வீட்டுக்குள் காலை வைக்கும் முன்னே வாசக்காலில் நின்று, சட்டைக்குள்ளிருந்து கயிற்றில் கோர்த்த பில்லையை எடுத்தாள்.

"மேல கையில எடுத்தேம்மா. ஷெர்பாண்ணன் பனிய நோண்டி குழி பண்ணிட்டு வைன்னாரு. வேணாண்ணே, எங்கம்மா வெக்காதன்னு சொல்லிட்டாங்கன்னேன். சுத்தி ஒருதபா காட்டினேன், அப்பாவுக்கு. அவ்ளோதான், திரும்ப உள்ள போட்டுனேன்." வலது கை ஆள்காட்டி விரல் நுனி பனி கடித்துக் கறுத்திருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக மேல் கையுறையைக் கழற்றியிருக்கிறாள்.

"அதுக்கப்புறம் நான் சொன்னதெல்லாம்?"

"எதுக்கப்புறம்? வெக்காதன்னு சொன்னே, கட்டாயிடுச்சி." அவளே கேட்டாள். "ஆமா, ஏன்மா வெக்கக் கூடாது?"

ஒரே ஒரு வார்த்தை. காரணம் தெரியாது. அத்தனை உயரத்தில், மூச்சு விடுவதே பாடாக இருக்கிற இடத்தில், இத்தனை மாசம் ஆசைப்பட்டதை அந்த ஒரு வார்த்தைக்காக விட்டுவிட்டு, கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கி வந்திருக்கிறாள். உலகத்தில் உச்சி ஏறினவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். எனக்கு இவள் இறங்கினதுதான் பெரிசு.

பில்லையை என்னிடம் நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நீதான் மாட்டணும். மாட்டு, சொல்றேன்."

மாட்டினாள். ஆடி ஆடி நின்றது. எதிர்வீட்டம்மா அந்தப் பக்கமிருந்து, "மாட்டிட்டாளா யக்கா?" என்று கத்தினாள்.

உள்ளே போய் அந்த லட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். கல்லாகக் காய்ந்திருந்தது. என் பல்லுக்கு உடையவில்லை. மகள்தான் கதவு இடுக்கில் வைத்து நசுக்கிக் கொடுத்தாள். வாயில் ஊறவைத்துக்கொண்டே, பலகையில் மூணாவது வரிசை எங்கே இருக்கும் என்பதிலிருந்து அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.