சிங்காரம் நின்ற இடம்

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் நாலு பேரைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, எங்கள் மேலதிகாரி நடக்கும் நடையை நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். தபால் கொண்டுவந்த பியூன் வாசலில் நின்றபடியே, "குரும்பகரத்து சிங்காரம் காலையில தவறிட்டாராம் சார். நெஞ்சு வலின்னாராம், வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம்" என்றார். எந்தச் சிங்காரம் என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். "ஒங்களோட பந்து ஆடுனாரே, அவருதான்." தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

குரும்பகரத்தில் பந்தலுக்கு வெளியே எனக்கு நாற்காலி போட்டார்கள். "ஃபைனல்ல கோல் போட்டாரே, அவரு" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு என்னை அறிமுகம் செய்தார். சாவு வீட்டில் செத்தவனைவிட எனக்கு அதிக மரியாதை நடந்தது. சிங்காரத்தின் மனைவி என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, "ஒங்க ஆட்டத்தப் பத்திப் பேசாத நாள் கெடையாதுங்க" என்றார். அங்கே என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவனையும் என்னையும் தெரிந்த உங்களிடம் இந்த நினைவு மலரில் திறக்கிறேன். அந்தக் கோலைப் பற்றி டீக்கடையிலும் கல்யாண வீடுகளிலும் இத்தனை வருஷமாக நான் சொல்லி வந்த கதையில் கோல் ஒன்றுதான் நிஜம்.

சிங்காரம் எங்கள் ஃபுட்பால் அணியின் லெஃப்ட் பேக். பெயருக்குத்தான் அப்படி. ரைட் பேக்குக்குக் காய்ச்சல் என்றால் வலது பக்கம் போவான். ஹாஃப் வரவில்லை என்றால் நடுவில் ஆடுவான். ஒருமுறை கோல்கீப்பர் பெண் பார்க்கப் போய்விட்டபோது சட்டையை மாற்றிக்கொண்டு கோலிலும் நின்றான். இரண்டு காலாலும் ஒரே மாதிரி உதைப்பான். நான் அவனுக்கு முன்னால் இடது ஓரமாக ஓடுகிற லெஃப்ட் அவுட். தருமபுரத்திலிருந்து மைதானம் வரைக்கும் சைக்கிளை நிறுத்தி நிறுத்தித் தலை சீவிக்கொண்டு வருகிற ஆட்டக்காரன். சீவிய தலை கலையும் என்பதற்காகவே நான் ஹெட் அடிப்பதில்லை என்று ஒரு வதந்தி உண்டு. அது வதந்தி இல்லை.

எழுபதுகளில் பேக் என்றால் தன் கோலுக்கு முன்னால் நின்று, வருகிற பந்தை ஆத்திரத்தோடு உதைத்து அனுப்புகிற ஆள். சிங்காரம் அப்படி நிற்க மாட்டான். பந்து நம் ஆள் காலுக்கு வந்ததும் முன்னால் நகர்வான். கோட்டோரமாக என் பின்னால் வரமாட்டான். உள்ளே, நம் ஹாஃபுக்குப் பக்கத்தில் பத்தடி தள்ளி வந்து நிற்பான். கூட்டம் திட்டும். "ஏய் பேக்கு, வீட்டத் தொறந்து போட்டுட்டு எங்கடா போற?" என்று கேட்பார்கள். நானும் ஒருநாள் கேட்டேன். பூட்ஸ் கயிற்றைப் பல்லால் இழுத்துக்கொண்டே சொன்னான்: "ஒம்மேல எப்பவும் ரெண்டு பேரு நிக்கிறான்ல மாப்ள? நான் உள்ள வந்தா அதுல ஒருத்தன் எம்பின்னாடி வந்துடுவான். மிச்சம் ஒருத்தன். அந்த ஒருத்தனையும் தாண்ட முடியலன்னா நீ பேசாம தலையச் சீவிக்கிட்டு ஒக்காரு."

நான் நம்பவில்லை. என் வேகத்தைப் பார்த்து மிரண்டுதான் எதிரிகள் விலகுகிறார்கள் என்பது என் கட்சி.

அந்த வருஷம் நாங்கள் ஃபைனலுக்கு வந்தோம். எதிரில் நாகைப் பக்கத்து அணி. ஆட்டத்தைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், தன் துறையின் அணிக்கு ஒரே ஓர் ஆளை எடுக்கப்போகிறார், எடுத்தால் சர்க்கார் வேலை என்று செய்தி வந்தது. பி.ஏ. முடித்து இரண்டு வருஷமாக நான் செய்துவந்த ஒரே வேலை, வீட்டில் திட்டு வாங்குவது. நான் கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணின் அப்பா, பந்து உதைக்கிறவனுக்குப் பெண் கிடையாது, ஆவணிக்குள் ஆர்டர் கையில் இல்லையென்றால் வேறு இடத்தில் முடித்துவிடுவேன் என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். சிங்காரத்துக்கும் அந்த வேலை தேவைதான். இருந்த கொஞ்ச நிலத்தில் மூன்று அண்ணன்கள் பாடுபட்டார்கள். நான்காவது ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

செமி ஃபைனல் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் யாரோ, "இன்னைக்கு ஆட்டம் சிங்காரத்தோடதுய்யா" என்றார். டீயைப் பாதியில் வைத்தேன். நேரே எங்கள் செயலாளர் கலியபெருமாள் அண்ணனின் துணிக்கடைக்குப் போனேன். சிங்காரம் என் குறுக்கே குறுக்கே வருகிறான், எனக்கு ஓட இடமே இல்லை, ஃபைனலில் அவன் பேக்காகவே நிற்கட்டும் என்றேன். நான் சொன்னதாக வெளியே தெரிய வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அதிகாரியின் கண்ணில் இடது பக்கம் நான் ஒருவன் மட்டுமே பட வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

ஃபைனலன்று அண்ணன் சிங்காரத்தைக் கூப்பிட்டு, "நடுக்கோட்டத் தாண்டக்கூடாது" என்றார். அவன் ஏன் என்று கேட்கவில்லை. முதல் பாதி முழுக்கக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றான். பந்து எனக்கு வரவேயில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. தொலைவிலிருந்து, உயரத்தில், கடல்காற்றில் திசை மாறி வந்தது. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் அதை நிறுத்துவதற்குள் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். கால்மணி நேரத்தில் சட்டை கிழிந்தது. என் காலிலிருந்து பறித்த பந்தை நேராகக் கொண்டுபோய் ஒரு கோலும் போட்டார்கள். பந்தல் நிழலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அதிகாரி என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு இளநீர் குடிக்க ஆரம்பித்தார். தூரத்தில் சிங்காரம் தன் பக்கம் வந்த பந்தையெல்லாம் சுத்தமாக எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் திரும்பியபோது மட்டும் அவர் குறிப்பு நோட்டில் ஏதோ எழுதினார்.

இடைவேளையில் எலுமிச்சம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சென்டர் ஹாஃப் பொறுமை இழந்து, சிங்காரத்தை ஏன் கட்டிப்போட்டீர்கள் என்று அண்ணனிடம் பாய்ந்தான். அண்ணனும் சூடாகிவிட்டார்.

"என்னைய ஏன்டா கேக்குற? அந்தா ஒக்காந்திருக்காரே தொர, அவருதான் கடைக்கு வந்து சொன்னாரு, சிங்காரம் குறுக்க வர்றான்னு."

பதினோரு பேரும் எலுமிச்சம்பழத்தை மறந்தார்கள். நான் புல்லைப் பார்த்தேன். அந்த மைதானத்தில் புல்லே கிடையாது. மண்ணைத்தான் பார்த்தேன். சிங்காரம் என் பக்கம் திரும்பி, "அத எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல மாப்ள" என்றான். குரல் உயரவில்லை. பிறகு எழுந்து, "கோட்டோரமா நில்லு. உள்ள வந்துடாத. உள்ள நான் வர்றேன்" என்றான். அண்ணன் தன் பேச்சை மீறக்கூடாது என்று கத்தினார். அவன் அதற்குள் மைதானத்தில் இருந்தான்.

பத்து நிமிஷத்தில் ஆட்டம் வேறாகிவிட்டது. அவன் உள்ளே வந்து நின்றதும், என் மேல் ஏறி நின்ற அவர்களுடைய ரைட் ஹாஃப் இவனைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று தடுமாறினான். அந்த ஹாஃப் இவன் பக்கம் ஒரு காலை எடுத்து வைக்கும் வரை சிங்காரம் பந்தைக் காலடியில் வைத்துக் காத்திருப்பான். வைத்ததும் பந்து சாய்வாக என் காலுக்கு வரும். ஒரு பந்தை நான் நடுவில் தூக்கிப் போட, எங்கள் சென்டர் ஃபார்வர்டு தலையால் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். சென்டர் ஹாஃபின் காலில் பந்து. சிங்காரம் கையைத் தூக்கிப் பந்து கேட்டுக்கொண்டே நடுவில் ஓடினான். ரைட் ஹாஃப் அவன் பின்னால் ஓடினான். பதறிப்போய் ரைட் பேக்கும் உள்ளே நாலடி நகர்ந்தான். பந்து சிங்காரத்துக்குப் போகவேயில்லை. நேராக எனக்கு வந்தது. எனக்கு முன்னால் ஒரு மாடுகூட இல்லை. ஓடினேன், அடித்தேன், கோல். ஊர் என்னைத் தூக்கியது. அந்தக் கோலில் அவன் பந்தைத் தொடவில்லை என்பதால் அவன் பெயர் எந்தக் கதையிலும் வரவில்லை.

உடனே அவர்கள் அவன் விட்டுவிட்டு வந்த பக்கமாகவே புகுந்தார்கள். சிங்காரம் பாதி மைதானம் துரத்திக்கொண்டு ஓடி, பெனால்டி பெட்டிக்கு ஒரு சாண் வெளியே பந்தோடு ஓடியவனின் காலை வாரினான். நடுவர் அவனை வெளியே அனுப்பினார். கூட்டம் அவனைக் காது கூசத் திட்டியது. ஃப்ரீ கிக் கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஜெயித்தோம்.

கோப்பை கொடுக்கும்போது அதிகாரி அண்ணனிடம் சொன்னது, இரண்டு கை தூரத்தில் நின்ற என் காதில் விழுந்தது: "லெஃப்ட் அவுட் பையன எடுத்துக்குறேன். பேக்கத்தான் மொதல்ல நெனச்சேன். சொன்ன எடத்துல நிக்க மாட்டேங்கிறான், அவன வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் அடுத்த வீட்டுக் குழம்பு முதல் அடுத்த தெருச் சண்டை வரை எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிற நான், அன்றைக்குக் கோப்பையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். சிங்காரம் வந்து பந்தியில் பரிமாறினான். அண்ணன் அதன் பிறகு என்னோடு வேட்டி விலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. வருஷங்கள் கழித்து, பேருந்து நிலையத்தில் தனியாக மாட்டிய சிங்காரத்திடம் ஒருவழியாகக் கேட்டேன். அதிகாரி அவனைத்தான் எழுதிக்கொண்டிருந்தார் என்பது தெரியாதா, ஏன் கோட்டைத் தாண்டினான் என்று.

"தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான். "ஆனா பின்னாடியே நின்னா ஒனக்குப் பந்து வராது. ஒனக்கு வரலன்னா நாம தோத்துருவோம். அப்புறம் நான் எதுக்கு ஆடணும்?" பேருந்து வந்தது. ஏறிக்கொண்டான். நான் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் படியில் நின்றுகொண்டு கேலிதான் செய்திருப்பான் என்று இப்போது எழுதி என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

அவன் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். புகைப்படம் இல்லை. அன்றைய பந்து யாரிடம் என்று தெரியாது. இதை எழுதிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிற இந்த அலுவலக நாற்காலி இருக்கிறது. அது அவனுடையது.