பவுனுக்குக் காது குத்து

எங்கள் நைட்டி கம்பெனியில் முனீஸ்வரிக்கு இரண்டு பெயர். முதலாளி முன்னால் ‘பைப்பிங் முனீஸ்’. கழுத்துக்குப் பைப்பிங் வைத்துத் தைப்பதில் தளவாய்புரத்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. முதலாளி அந்தப் பக்கம் நகர்ந்ததும் ‘குரங்கு முனீஸ்’. இரண்டாவது பெயரை வைத்தவள் நான். என் பெயர் வெள்ளத்தாய், அவளுக்கு அடுத்த மிஷின் என்னுடையது.

மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போதே நாங்கள் போனையும் திறந்துவிடுவோம். அந்த வருஷம் திறந்தால் குரங்கு வீடியோதான். குட்டிக் குரங்குக்குக் கவுன் போட்டிருப்பார்கள், பாட்டிலில் பால் கொடுப்பார்கள், ரப்பர் பாம்பைத் தூக்கி மேலே போடுவார்கள். அது வீறிட்டுக்கொண்டு சன்னல் கம்பியில் தாவும். நாங்கள் சோறு சிந்தச் சிரிப்போம். முனீஸ்வரி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் பிறந்தது தேவதானத்தில், மலையடித் தோப்புக்குள். மாங்காய்க்கும் இளநீருக்கும் குரங்குகளோடு மல்லுக்கட்டி வளர்ந்தவள்.

“பல்லக் காட்டுனா அது சிரிப்பு இல்லட்டி. பயத்துல ஈன்னு காட்டுது. ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கு” என்பாள்.

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் ஒரு வீடியோவின் கீழே நாலு வரி திட்டி எழுதினாள். அதை எதிர்த்துப் பலர் எழுத, ஆதரித்துப் பலர் எழுத, அந்தச் சண்டையிலேயே வீடியோ ஊர் உலகமெல்லாம் ஓடிவிட்டது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் பேச்சே மாறிப்போனது. “திட்டிக்கூட எழுதாதிய. ஒங்க கோவத்துலயும் அவன் சம்பாதிப்பான். ரிப்போர்ட் மட்டும் அடிச்சிட்டு மூடிருங்க” என்று ராஜபாளையம் பஸ்ஸில் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவனின் போனையே வாங்கி, எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் மானம் போயிற்று.

அவளுக்கு ஒரே தம்பி, விக்னேஷ்வரன். சுந்தரபாண்டியத்தில் இருந்துகொண்டு தேங்காய் லோடு வண்டி ஓட்டினான். அவன் மனைவி சிவரஞ்சனி. கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. ஒருநாள் அவன் போன் போட்டு, “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாலு கவுன் தைச்சுக் குடுக்கா, சின்னதா” என்று கேட்டான். முனீஸ்வரியும் மிஞ்சிய வெட்டுத்துணியில் ஆசையாகத் தைத்து அனுப்பினாள்.

அடுத்த மாதம் என் போனில் அந்தக் கவுன் வந்தது. மஞ்சள் துணியில் ஊதா மயிலிறகு. கலர் மாறி விழுந்ததால் கடைக்கே போகாமல் எங்கள் கம்பெனியில் கிடந்த துணி அது. கழுத்தில் முனீஸ்வரியின் பைப்பிங். கவுனுக்குள்ளே ஒரு குரங்குக் குட்டி. ‘பவுனு பாப்பா’ என்று சேனலுக்குப் பெயர். பவுனைத் தொட்டியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுகிறார்கள், அது தொண்டை கிழியக் கத்துகிறது, கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். தண்ணீர் ஊற்றும் கையில் கிடந்த வளையல், முனீஸ்வரி தன் தம்பி பெண்டாட்டிக்குப் போட்டது.

நான் காட்டியதும் அன்று சாயங்காலமே முனீஸ்வரி தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். தென்காசி ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்த தாயின் வயிற்றில் ஒட்டிக்கிடந்த குட்டியைத்தான் எடுத்து வந்ததாகத் தம்பி சொன்னான். “நான் தூக்கலேன்னா நாய் தின்னுருக்கும்க்கா.” அது உண்மைதான். “அன்னைக்கே வனத்துறையில குடுத்திருக்கணும்லே” என்றாள் இவள். சிவரஞ்சனி குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். “எனக்குன்னு ஒண்ணு கிடைச்சிருக்கு மதினி. அதையும் புடுங்க வந்தியளா?”

ஊர்க் குரங்குக்கெல்லாம் வக்காலத்து வாங்கியவள், தம்பி வீட்டுக் குரங்குக்கு வாயடைத்துப் போய்த் திரும்பி வந்தாள். அந்தச் சேனலை அவள் ரிப்போர்ட்டும் அடிக்கவில்லை. நான் கிண்டல் பண்ணிப் பார்த்தேன். மிஷினை விட்டுத் தலையே தூக்கவில்லை.

பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பவுனுக்குக் காது குத்து, லைவில் காட்டுவோம், எல்லோரும் வந்து பாருங்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சிவரஞ்சனியின் அண்ணன் போலீஸ்காரர். குரங்கை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று வர மறுத்துவிட்டார். “அத்தை மடியும் முறைதான. நீ வந்து உக்காருக்கா” என்றான் தம்பி.

முனீஸ்வரி “வாரேன்” என்றாள். போனை வைத்தவள் அப்படியே வனத்துறைக்குப் போட்டாள். விலாசம், தேதி, நேரம் எல்லாம் சொன்னாள். அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருப்பார்கள் போல.

“கூடப் பொறந்த தம்பி” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நானும் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிச் சீர்த் தட்டுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டிருந்தபோது வனத்துறையிலிருந்து போன் வந்தது. தேவதானம் தோப்புக்குள் யானை இறங்கிவிட்டது, வண்டி அங்கே போயிருக்கிறது, முடித்துக்கொண்டு வருகிறோம், அதுவரை எப்படியாவது தாமதப்படுத்துங்கள்.

“நாலரைக்கு ராகு காலம். அதுவரைக்கும் இழுத்துட்டா ஆசாரி ஊசியத் தொட மாட்டாரு” என்றாள் முனீஸ்வரி. அப்போது மணி மூன்றரை தாண்டிவிட்டது.

வீட்டில் வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, நடுவில் ஸ்டாண்டு வைத்துப் போனை நிறுத்தியிருந்தார்கள். லைவ் ஓடிக்கொண்டிருந்தது. ஆசாரி விரித்த துண்டில் தங்க ஊசியோடு தயாராக இருந்தார். முனீஸ்வரி வாசற்படி ஏறவில்லை. தட்டை என் கையில் திணித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏலே, போன்ல கூப்பிட்டா போதும்னு நெனச்சியோ? வெத்தலை பாக்கு வச்சு நேர்ல வந்து அழைச்சியா நீ? நான் அத்தைக்காரியா, இல்ல பந்தல் போட வந்தவளா?”

முறைக்காரி கோபித்துக்கொண்டால் எந்த விசேஷமும் நகராது. எங்கள் பக்கத்துச் சட்டம் அது. விக்னேஷ்வரன் கெஞ்சினான். இவள் தாத்தா செத்த வீட்டில் விட்டுப்போன மரியாதையிலிருந்து ஆரம்பித்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வண்டியும் வரவில்லை. போனில் பார்ப்பவர்களுக்கோ கொண்டாட்டம். சண்டை முற்ற முற்றக் கூட்டம் கூடியது. தம்பிக்கு அது தெரிந்ததும் கெஞ்சலிலும் ஒரு நடிப்பு வந்துவிட்டது. கடைசியில் வெற்றிலைத் தட்டை ஏந்தி, போனுக்கு முகம் தெரியும்படி அக்கா காலில் விழுந்தான்.

அதற்குமேல் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை. “இன்னும் செத்த நேரந்தான் இருக்கு, வெரசா உக்காருங்க” என்று அவசரப்படுத்தினார் ஆசாரி. முனீஸ்வரி மணையில் உட்கார்ந்தாள். சிவரஞ்சனி பவுனைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

குட்டி அவள் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டது. ஊசி கிட்டே வந்ததும் பல்லைக் காட்டியது. போனில் எல்லோரும் ‘சிரிக்குது, சிரிக்குது’ என்று எழுதினார்கள். தாங்கிப் பிடிக்கக் கவுனுக்குள் கையை விட்ட முனீஸ்வரியின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பவுனு அலறியது. குளிக்கும்போது கத்துகிற அதே கத்தல்.

“ஆசாரி, ஊசிய எடுங்க” என்றாள். குரலே மாறியிருந்தது. கவுனைத் தூக்கினாள்.

இடுப்பில் அரைஞாண் கயிறு. கட்டியபோது கையளவுக் குட்டிக்கு அளவாகத்தான் இருந்திருக்கும். பவுனு வளர்ந்துவிட்டது, கயிறு வளரவில்லை. சதைக்குள் இறங்கி, ரோமத்தின் அடியில் மறைந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. பிள்ளை வளர வளரக் கயிற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். சிவரஞ்சனிக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

“அக்கா, கவுன எறக்கு! லைவ் ஓடுது!” என்று பாய்ந்தான் தம்பி.

“ஓடட்டும்லே. இம்புட்டு நாளா எதப் பாத்துச் சிரிச்சாகன்னு பாக்கட்டும்.”

சிவரஞ்சனி குனிந்து பார்த்தாள். தொட விரலை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டாள். “நான்தான மதினி கட்டுனேன். கண்ணு பட்டுரக் கூடாதுன்னு கட்டுனேன். தண்ணி ஊத்துனா கத்துமே... தண்ணிக்குப் பயம்னுல்லா நெனச்சேன்.”

சிவரஞ்சனியே போய் ஸ்டாண்டிலிருந்த போனை எடுத்து அணைத்தாள். விக்னேஷ்வரன் பிடுங்கப் போனான், கொடுக்கவில்லை.

“வனத்துறை வந்துக்கிட்டிருக்கு. நான்தான் சொன்னேன்” என்றாள் முனீஸ்வரி. அவன் அக்காவை ஒரு பார்வை பார்த்தான். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அடுத்த நிமிஷம் குட்டியை மடியிலிருந்து பறித்துக்கொண்டு லோடு வண்டிக்கு ஓடினான். சிவரஞ்சனி முந்திக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். “கொண்டு போனா செத்துரும். குடுத்துருங்க” என்று கையை நீட்டினாள். வனத்துறை ஜீப் வந்து நின்றபோது குட்டி அவள் தோளில் இருந்தது. அவளே இறக்கிக் கொடுத்தாள்.

விக்னேஷ்வரன் உள்ளே போய் ஜாமீனில் வந்தான். கேஸ் நடக்கிறது. அக்காவோடு பேச்சு இல்லை. தீபாவளிக்கு இவள் எடுத்து அனுப்பிய வேட்டி பிரிக்காமலே திரும்பி வந்தது. அன்றைக்கு மிஷினில் உட்கார்ந்து அழுதாள். ஒரு பைப்பிங் கோணிப்போய்ப் பிரித்துத் தைத்தாள். நான் ‘குரங்கு முனீஸ்’ என்று கூப்பிடுவதை அன்றோடு விட்டேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் மத்தியானம் சிவரஞ்சனியிடமிருந்து போன் வந்தது. நானும் கேட்க ஸ்பீக்கரில் போட்டாள் முனீஸ்வரி.

“மதினி, அந்தப் புண்ணு ஆறிருச்சானு கேட்டுச் சொல்லுதியளா?”

“வனத்துறையில கேட்டேன்ட்டி. ஆறிருச்சு. மத்த குட்டிகளோட வெளையாடுதாம். கயிறு கெடந்த எடத்துல மட்டும் இன்னும் முடி மொளைக்கலயாம்.”

“சேனல மூடிட்டோம் மதினி. ஆனா அந்தக் குளிக்கிற வீடியோவ வேற யார் யாரோ எடுத்துப் போடுதாக. நான் தேடித் தேடி ரிப்போர்ட் அடிக்கேன். தெறந்தாத்தான அடிக்க முடியும். தெறந்த ஒடனே கத்துது.”

“சத்தத்தக் கொறச்சு வச்சுக்கோட்டி.”

“வேண்டாம் மதினி. அன்னைக்குக் கேக்கல. இப்பக் கேக்கேன்.”