பதினைந்தாவது பெயர்

இடம் கிடைத்தும் கல்லூரியில் வந்து சேராதவர்களின் பட்டியலில் விரலை ஓட்டியபடியே தொலைபேசி எண்ணைச் சுழற்றுகிறார் எங்கள் சேர்க்கைப் பிரிவுப் பெண்மணி. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏம்மா வரல? திட்ட மாட்டேன், சும்மா சொல்லு." பதிலைப் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்வார். 'விடுதி பயம்.' 'அண்ணன் வேண்டாங்கிறான்.' அடுத்த அழைப்பு அந்த அண்ணனுக்கு.

மாணவர்களுக்கு இவர் 'சேர்க்கை அக்கா'. ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர். இவர் நிரப்பும் இடங்களை வண்ண வரைபடமாக்கிக் கைதட்டு வாங்கும் சேர்க்கைப் பிரிவு இயக்குநருக்குக் குளிர்சாதன அறை. இவருக்கு ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. இந்த அநியாயத்தைக் கண்டித்து நிர்வாகத்துக்கு இருமுறை எழுதியிருக்கிறேன். ஆனாலும் முதல் நாளன்று புது மாணவர்கள் என் வகுப்பை விட்டுவிட்டு இவர் மேசையைத் தேடிப் போகும்போது வயிறு எரிகிறது. இருபத்தாறு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன்; எனக்காக ஒருவரும் வந்து சேர்ந்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் எங்கள் தத்துவத் துறையை மூடிவிட வேண்டும் என்று உத்தரவு. நாலரை மணிக்குப் பதினான்கு. அக்கா ஒரு பெண்ணை அழைத்து, நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ வீட்டுப் பக்கத்து காலேஜுலயே சேந்துடும்மா. அம்மாவையும் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

"கைக்கு வந்ததைத் தூக்கிக் குடுத்துட்டீங்களே!" என்று கத்தினேன்.

"பொய் சொல்லி இழுத்துட்டு வந்தா ரெண்டு மாசத்துல நின்னுடும் சார். அப்புறம் காலி பெஞ்சுக்கா பாடம் எடுப்பீங்க?"

போன ஆண்டுப் பட்டியலை எடுத்தார். அந்த விண்ணப்பங்கள் இன்னும் செல்லும். தொலைபேசியில் சம்மதம் சொன்னால் போதும். ஒரு பேருந்து நடத்துநர். எதிரே, 'வயசாயிடுச்சுன்னு வெட்கம்.' சிறிது பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். "இதைப் படிச்சா என்ன ஆகும்னு கேக்குறார். நீங்களே சொல்லுங்க சார்."

அறிவு என்றால் என்ன என்று தொடங்கி, மூடநம்பிக்கை வழியாகச் சமூக நீதிக்கு வந்து சேர்ந்தேன். அக்கா ரிசீவரை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, இருக்கீங்களா? காலை ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியுது? அப்போ மதிய வகுப்புக்கு வந்துடலாமே. நரைச்ச தலை அங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, எங்க வாத்தியார். துணைக்கு வாங்க."

மறுமுனையில் சிரிப்பு. பிறகு, "சரிம்மா."

நாலு ஐம்பத்தைந்துக்குப் பதிவேட்டில் பதினைந்தாவது பெயர் ஏறியது. 'சேர்த்தவர்' என்ற கட்டத்தில் வழக்கமாக இயக்குநர் பெயர்தான் எழுதப்படும். அன்று அக்கா, தலை நிமிராமலே, அதில் என் பெயரை எழுதினார்.